பிறந்தநாளுக்கு காசினோ: பனாஜியா, கொழும்பா, காங்டாக்கா?

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து "இந்தப் பிறந்தநாளுக்கு காசினோ போயே தீரணும்" என்று பேச ஆரம்பித்தால், முதலில் வாயில் வருவது லாஸ் வேகாஸ்தான். அதை அங்கேயே விட்டுவிடலாம். அமெரிக்க விசா விண்ணப்பத்துக்கு மட்டும் ஆளுக்கு 185 டாலர் கட்ட வேண்டும். சிக்கனமாக இருந்தால் அந்தக் காசில் ஒருவர் கோவாவுக்கே போய் வந்துவிடலாம். சீனாவின் மக்காவ் (Macau) நகரில் விசா தொல்லை இல்லை, ஆனால் விமானக் கட்டணமே கையைக் கடிக்கும். நம் பட்ஜெட்டுக்கு எட்டுவது கோவாவின் பனாஜி, இலங்கையின் கொழும்பு, சிக்கிமின் காங்டாக் மூன்றும்தான்.

போய்ச் சேரும் செலவில் பனாஜியை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெங்களூரு யஷ்வந்த்பூரிலிருந்து கோவாவின் வாஸ்கோடகாமாவுக்கு ரயில் இருக்கிறது. பிற்பகலில் ஏறினால் மறுநாள் காலையில் கோவா. ஸ்லீப்பர் டிக்கெட் ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலே கிடையாது என்பதால் யஷ்வந்த்பூர் வரை எப்படிப் போவது என்ற கேள்வி வரும். 2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்த பிறகு அது சுலபமாகிவிட்டது. ஓசூர் வழியாகப் போகும் பஸ்ஸில் பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோ ஏறுங்கள். ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினால் நேராக யஷ்வந்த்பூர். சில்க் போர்டு நெரிசலில் உட்கார்ந்து "ரயில் போயிடுமா" என்று கடிகாரத்தைப் பார்க்கும் வேலை இல்லை. வாஸ்கோவிலிருந்து பனாஜி முப்பது கிலோமீட்டர்தான், கோவா அரசின் கதம்பா பஸ் கிடைக்கும். கோவா டாக்ஸிக்காரர்களிடம் மாட்டினால் ரயிலில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும்.

கொழும்புக்கு பெங்களூரிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் விமானம். ஆனால் விமான நிலையம் தேவனஹள்ளியில் இருக்கிறது. நம்மூரிலிருந்து கிளம்புபவர் பெங்களூரு முழுவதையும் குறுக்கே தாண்டியாக வேண்டும், பறக்கும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் பிடிக்கும். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: "மச்சி, எல்லார்கிட்டயும் பாஸ்போர்ட் இருக்கா?" இதைக் கேட்டதும் பாதிப் பேர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். புது பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், அதன் பிறகு போலீஸ் விசாரணை. பிறந்தநாள் அடுத்த வாரம் என்றால் கொழும்பு பேச்சே வேண்டாம். எல்லாரிடமும் இருந்தாலும், கிளம்பும் முன் ஆன்லைனில் ஈடிஏ என்ற பயண அனுமதியை வாங்கிவிடுவது நல்லது.

காங்டாக்கில் காசினோ இருப்பது பலருக்குத் தெரியாது. சிக்கிம் 2002லேயே அதற்கெனச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. ஆனால் பாக்டோக்ரா வரை விமானம், அங்கிருந்து மலைப்பாதையில் நாலைந்து மணி நேரம் கார், மழைக்காலத்தில் நிலச்சரிவு வந்தால் அந்தச் சாலையும் அடைபட்டுவிடும். இமயமலை பார்க்கப் போகிறவர் ஒரு ராத்திரி காசினோவுக்குள் எட்டிப் பார்க்கலாம். காசினோவுக்காகவே அவ்வளவு தூரம் போக அங்கே ஒன்றும் இல்லை.

ஆக, போட்டி பனாஜிக்கும் கொழும்புக்கும்தான். இரண்டிலும் காசு போகும் வழி வேறு.

பனாஜியில் காசினோ மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பலுக்குள் இருக்கிறது. கரையில் டிக்கெட் வாங்கிப் படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். 21 வயது முடிந்திருக்க வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள். அரைக்கால் சட்டை, செருப்போடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நுழைவுக் கட்டணத்திலேயே பஃபே சாப்பாடு, குடி, மேடை நிகழ்ச்சி எல்லாம் வந்துவிடும். கூடவே கொஞ்சம் சிப்ஸும், அதாவது காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகளும், தருவார்கள். அவற்றில் பெரும்பாலும் ஓடிபி எனப்படும் ஒருமுறை ஆடும் சிப்ஸ் இருக்கும். அதை வைத்து ஆடலாம், கவுன்ட்டரில் கொடுத்துக் காசாக்க முடியாது. வார நாளில் டிக்கெட் விலை குறைவு, வெள்ளி முதல் ஞாயிறு வரை அதிகம். ஓசூர் கம்பெனிகளில் ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம், அவர்கள் வார விடுமுறை செவ்வாயிலோ புதனிலோ வந்தாலும் வரும்.

அந்தச் சிப்ஸ் தீர்ந்த பிறகுதான் ஆபத்து. 2023 அக்டோபரில் காசினோவில் வாங்கும் சிப்ஸின் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். பந்து எந்த எண்ணில் விழும் என்று காசு கட்டும் ஆட்டம் ரூலே. ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலே சக்கரத்தில் மொத்தம் 37 கட்டங்கள். நீங்கள் கட்டிய எண் விழுந்தால், கட்டிய காசைத் திருப்பித் தந்து, அதற்கு மேல் 35 மடங்குதான் தருவார்கள். அதாவது ஆயிரம் ரூபாய் கட்டினால் சராசரியாக 27 ரூபாய் காசினோவுக்கு. அதே ஆயிரத்துக்குச் சிப்ஸ் வாங்கினால் அரசுக்கு 400. சக்கரம் சுற்றும் முன்பே இந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது! இந்த வரியைக் காசினோ தானே சுமக்கிறதா, உங்கள் தலையில் கட்டுகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஜெயித்தாலும் 30 சதவீத வருமான வரி காத்திருக்கிறது.

அதனால் கோவாவில் நான் சொல்லும் வழி: டிக்கெட்டோடு வந்த சிப்ஸை ஆடித் தீர்த்துவிட்டு, பர்ஸைத் திறக்காமல் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்துவிடுங்கள். கேக் வெட்டுவதைக் கப்பலில் வைத்துக்கொள்ள வேண்டாம், அறையிலேயே முடித்துவிட்டுக் கிளம்பலாம்.

கொழும்பின் பழைய காசினோக்களில் வெளிநாட்டவருக்குப் பொதுவாக நுழைவுக் கட்டணம் இல்லை. பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். ஆடுபவர்களுக்குச் சாப்பாடும் குடியும் இலவசம். நம் ஜிஎஸ்டியும் அங்கே கிடையாது. 2025 ஆகஸ்டில் சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ் என்ற பெரிய காசினோவும் திறந்துவிட்டது. வெள்ளவத்தையில் தங்கினால் தமிழிலேயே காலம் தள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் "ஆடுபவர்களுக்கு" என்ற சொல்லைக் கவனியுங்கள். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவரை எவ்வளவு நேரம் விட்டுவைப்பார்கள்? கோவாவில் டிக்கெட் எடுத்தவர் ஆடாவிட்டாலும் சாப்பாட்டுக்கு உரியவர். அப்புறம், பௌர்ணமி நாள் இலங்கையில் போயா விடுமுறை, மது விற்பனை கிடையாது. பிறந்தநாள் அன்றைக்கு விழுகிறதா என்று காலண்டரைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

நம் பக்கத்து வழக்கப்படி பிறந்தநாள்காரன் பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். ஐந்து பேர் போனால் செலவை நாலாகப் பிரிக்க வேண்டியிருக்கும். அந்த நாலு பேரில் யாரிடம் காசு குறைவோ, அவர் தாங்கும் தொகையை வைத்து ஊரை முடிவு செய்யுங்கள். அவர் வெளியே சொல்லமாட்டார், கடன் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். என் கணக்கில் பெரும்பாலான கூட்டத்துக்கு வார நாளில் பனாஜிதான் சரி. எல்லாரிடமும் பாஸ்போர்ட் இருந்து, விமான டிக்கெட்டை முன்கூட்டியே மலிவாகப் பிடித்து, இரண்டு மூன்று பேராகப் போகிறீர்கள், எல்லாருமே ஆடுகிறவர்கள் என்றால் மட்டும் கொழும்பு.

டிசம்பர் கடைசி வாரத்தில் பிறந்தவராக இருந்தால் சிக்கல். கோவாவில் அப்போது அறை வாடகையும் டிக்கெட்டும் தொட முடியாத விலைக்குப் போய்விடும். கொண்டாட்டத்தை ஜனவரி நடுவுக்குத் தள்ளிவையுங்கள். தேதி மாறவே கூடாது என்று அடம்பிடித்தால் ஒகேனக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். எண்ணெய் மசாஜ், பரிசல், சுடச்சுட மீன் வறுவல். ஜிஎஸ்டி பயமும் இல்லை.