ஸ்கிராட்சில் ஆடு புலி ஆட்டம்

லீவு முழுக்க ஃபோனும் கையுமாக இருந்த மகளிடம், நீயே ஒரு கேம் செய்து காட்டு பார்க்கலாம் என்றேன், ஆடு புலி ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். 2007இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் வெளியிட்ட ஸ்கிராட்ச், கட்டளைப் பிளாக்குகளை அடுக்கிக் குழந்தைகளே கேம் செய்யும் மென்பொருள். இலவசம், கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். ஆடுகளைக் குளோன் (நகல்) போட்டுச் சுலபமாக இறக்கிவிட்டாள் (ஸ்கிராட்சின் சின்னமான ஆரஞ்சுப் பூனைக்கே கோடு போட்டுப் புலியாக்கியது தனிக்கதை). திணறியது எங்கே என்றால், எந்தப் புள்ளியிலிருந்து எதற்குத் தாவலாம் என்று சொல்லிக்கொடுக்கும் இடத்தில்தான், ஏனென்றால் ஸ்கிராட்சில் தகவலைச் சேர்த்துவைக்கும் பட்டியல் ஒற்றை வரிசை மட்டுமே, அட்டவணை போல அடுக்க முடியாது, கடைசியில் நோட்டில் புள்ளிகளுக்கு எண் போட்டுச் சமாளித்தோம். கம்ப்யூட்டரே புலியாக யோசிக்க வேண்டுமென்றால் பிளாக்குகள் முழம் முழமாக நீளும். இரண்டு பேர் மாறி மாறி ஆட, பத்து வயசுக்கு இது தாராளம். அதற்கு மேல் ஆசை வந்தால், சரி, பைதான் என்ற புரோகிராமிங் மொழிப் பக்கம் போகலாம்.