எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது

பாவித்த போட் ஒன்று வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், காசை எண்ணிக் கொடுக்க முதல் இதை ஒருதரம் வாசித்துவிடுங்கள். விற்றவரின் பெயரையோ ஊரையோ எழுதப் போவதில்லை. அவர் என்னை ஏமாற்றிய விதம்தான் உங்களுக்குத் தேவை.

நான் கடற்றொழில் செய்பவன் இல்லை. யாழ்ப்பாண நகரில் ஒரு கந்தோரில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ணைக் கடலில் தூண்டில் போடவும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மண்டைதீவுப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வரவும் ஆசை. ஆசை சின்னதுதான். 18 அடி ஃபைபர் போட்டும் 15 குதிரை வலு மண்ணெண்ணெய் எஞ்சினும் சேர்த்து நாலே முக்கால் லட்சம் ரூபாய்.

தரகர் பின்னேரம் ஐந்தரைக்கு வரச் சொன்னார். பூவரச மரத்துக்குக் கீழே, நீலமும் வெள்ளையுமாக, புதுப் பெயின்ட் மணத்தோடு போட் நின்றது. "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ தம்பி, இது கல்லு மாதிரி" என்றார். கயிற்றை ஒரே இழுவை, எஞ்சின் எழும்பிவிட்டது. மூடியில் கை வைத்தேன், இளஞ்சூடு. வெயிலாக்கும் என்று நினைத்தேன். நிழலில் நிற்கும் எஞ்சினுக்கு ஏது வெயில்? மரத்துக்குப் பின்னால் ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர், மேலே எண்ணெய் மினுங்கியது. அதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் ஏமாந்தேன்.

மண்ணெண்ணெய் எஞ்சின் பெற்றோலில்தான் எழும்பும். சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இரவு முழுக்க ஆறிக் கிடந்த எஞ்சின் காலையில் எத்தனை இழுவைக்கு எழும்புகிறது என்பதில்தான் அதன் வயசு தெரியும். நான் வருவதற்கு முன்பே அந்தப் பீப்பாய்க்குள் விட்டு ஓடவைத்துச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். நீங்கள் போட் பார்க்கப் போனால் சொன்ன நேரத்துக்குப் போகாதீர்கள். விடிய, சொல்லாமல் போங்கள்.

இரண்டாவது ஞாயிறு குருநகரிலிருந்து வெளிக்கிட்டு இருபது நிமிடம் இருக்கும். எஞ்சினைக் குளிரவைத்துவிட்டு அதன் பக்கத்துத் துளையால் பீச்ச வேண்டிய தண்ணீர் நின்றுவிட்டது. எரிந்த மணம் வந்தது. நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் எஞ்சின் பின்பக்கம் சரிந்து நிற்கிறது, பூட்டியிருந்த இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. நல்லவேளை, அந்த இடத்தில் நெஞ்சளவுத் தண்ணீர்தான். பாசையூர் ஐயா ஒருவர் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்து வந்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

கரையில் அவர் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை எடுத்துப் போட்டின் பக்கவாட்டில் தட்டினார், டொக் டொக் என்று கேட்டது. பின்பலகையில் தட்டினார், பொத் பொத் என்றது. "உள்ளுக்கை பலகை உக்கிப் போச்சு மகன்" என்றார். ஃபைபருக்கு உள்ளே மரப்பலகை வைத்துத்தான் பின்பக்கத்தைக் கட்டுவார்களாம். எஞ்சினைப் பூட்டத் துளைத்த ஓட்டைகளால் தண்ணீர் இறங்கினால் பலகை உள்ளுக்குள்ளேயே ஊறி அழுகும். புட்டி பூசிப் பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

மெக்கானிக் கியர்ப் பெட்டியின் கீழ் ஆணியைக் கழற்றினார். ஒழுகி வந்தது பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. கியர் எண்ணெயோடு கடல் தண்ணீர் கலந்தால் அந்த நிறம்தான்.

பின்பலகைக்கு 70,000, எஞ்சினுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம். தரகரைத் தொலைபேசியில் பிடித்தேன். "கடல்ல ஓடுற சாமான் தம்பி, நான் என்ன செய்ய?" என்று வைத்துவிட்டார்.

பதிவு இன்னொரு கூத்து. புத்தகத்தில் இருக்கும் பெயர் தரகருடையது இல்லை, அந்த ஆள் பிரான்சில். அவருடைய கையெழுத்து வராமல் போட் என் பெயருக்கு மாறாது. கடற்றொழில் திணைக்களத்துக்கு மூன்று தரம் அலைந்துவிட்டேன். போட்டில் எழுதியிருக்கும் இலக்கம், புத்தகம், விற்பவரின் அடையாள அட்டை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

ஏமாற்றாத ஆளிடம் வாங்கினாலும் செலவு நிற்காது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபோது தொழில் செய்பவர்களே கரையில் குந்தியிருந்தார்கள். அதற்கு மேல் நங்கூரம், கயிறு, உயிர்காப்பு அங்கி, கரையில் போட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு மாதக் காசு. ஓடிவந்த ஒவ்வொரு தரமும் எஞ்சினை நல்ல தண்ணீரில் விட்டுக் கழுவ வேண்டும். மாரியில் ஒரு இரவு மழைக்கு போட் தொட்டியாகிவிடும், விடியப் போய் இறைக்க வேண்டும்.

என் மச்சானை அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவனுக்குப் போட்டென்றாலே பிடிக்காது, குறை சொல்லுவான் என்றுதான் விட்டுவிட்டுப் போனேன். நீங்கள் அப்படி ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த கதையை அப்பு சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு போட் பார்க்கப் போகிறவனுக்குப் பீப்பாய் கண்ணில் பட்டாலும் புத்தியில் படாது.

போன கிழமை ஒருவர் வந்து விலை கேட்டார். எஞ்சினை ஆறவிட்டுத்தான் இழுத்துக் காட்டினேன், நாலாவது இழுவைக்கு எழும்பியது. பின்பலகை புதிது, பதிவு மாறவில்லை என்பதையும் சொன்னேன். மூன்று லட்சம் தருகிறேன் என்றார். அன்றைக்கு விடியத்தான் எஞ்சினை நிறுத்திவிட்டு, பண்ணைப் பாலத்துக்கு அப்பால் சின்னவளோடு அரை மணித்தியாலம் சும்மா மிதந்துவிட்டு வந்திருந்தேன். தை பிறந்து வாடை அடங்கட்டும், பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மனைவி எட்டிப் பார்த்தார், ஒன்றும் கதைக்கவில்லை.