சவர்க்காரமா, செனிடைசரா: தவழும் குழந்தையின் கைகளுக்கு எது?

மட்டக்களப்பின் மணல் முற்றங்களில் கோழியோடும் பூனையோடும் விளையாடிவிட்டு, அதே விரல்களை வாயில் வைக்கும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு, சவர்க்காரமும் கிணற்று நீரும் செய்யும் வேலையைச் செனிடைசர் செய்வதில்லை. சவர்க்காரம் அழுக்கையும் எண்ணெய்ப்பசையையும் தோலிலிருந்து பிரித்தெடுக்க, ஓடும் நீர் அவற்றோடு கிருமிகளையும் புழு முட்டைகளையும் அடித்துச் செல்கிறது. இதற்கு 20 விநாடிகள் தேய்த்தால் போதும். செனிடைசரிலுள்ள அற்ககோல் பல கிருமிகளைக் கொல்லுமாயினும், மண் படிந்த கையில் அதன் வீரியம் குறைகிறது. புழு முட்டைகளையும், வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோ வைரசையும் அதனால் நன்கு கட்டுப்படுத்த இயலாது. அதைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரத்தத்தில் சீனி குறையவும் கூடும் என்பதே எனக்குப் பெரிய அச்சம். குழந்தைக்கு ஆசையூட்டும்படி அதில் பழவாசனை சேர்த்து விற்பவர்களை எப்படிப் பாராட்டுவது?

கல்முனைக்குப் பஸ்ஸில் செல்லும்போது நீர் கிடைக்காது என்பதால், 60 சதவீதத்துக்குக் குறையாத அற்ககோல் உள்ள செனிடைசர் போத்தலொன்று பையில் இருப்பது நல்லது. ஒரு துளியைத் தாயே தேய்த்து, அது உலரும்வரை குழந்தையின் கையைப் பிடித்திருக்க வேண்டும்.

விலை கூடிய கிருமிநாசினிச் சவர்க்காரம் தேவையில்லை. அது சாதாரண சவர்க்காரத்தை விட மேலானது என்பதற்குச் சான்று போதாமையால், டிரைக்ளோசான் என்னும் கிருமிகொல்லி இரசாயனம் உட்பட 19 சேர்மானங்களை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் இத்தகைய சவர்க்காரங்களிலிருந்து விலக்கியது.