வலது பக்கப் பெட்ரோல்

என் பழைய புல்லட்டுக்குப் பட்டறையில் அடித்துப் போட்ட பெட்ரோல் டேங்க் எப்படி என்று நண்பன் ஒருவன் விடாமல் கேட்கிறான். "மச்சான், லீக் ஆகுதா இல்லையா, அத மட்டும் சொல்லு."

ஆகவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு இல்லை. 18 கேஜ் சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு), டிக் வெல்டிங். பெயிண்டுக்கு முன்னால் சைக்கிள் பம்பால் இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. காற்றை மட்டும் ஏற்றி, ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்கள். அதற்கு மேல் ஏற்றினால் தட்டையான பக்கம் உப்பிவிடும். பஞ்சர் கடை கம்ப்ரசரை நேராகச் சொருகுகிற ஆளிடம் டேங்க் வேலையைக் கொடுக்காதே. மூடியில் காற்றுத் துளை சரியாக இருக்கிறது, ரப்பர் புஷ் வைத்து மாட்டியதால் வெல்டில் விரிசலும் வரவில்லை. பங்கில் நின்றால் நாலு பேர் எங்கே செய்தது என்று கேட்கிறார்கள். நியாயத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

இனி என் வயிற்றெரிச்சல்.

கழுதை முதுகில் பொதி தொங்குகிற மாதிரி இந்த டேங்க் ஃபிரேம் பைப்பின் மேல் கவிழ்ந்து உட்காருகிறது. டேங்க் தாழ்ந்து உட்கார்ந்தால்தான் வண்டிக்கு அழகு என்று பட்டறை மாஸ்டர் நடுவிலுள்ள டன்னலை, அதாவது பைப் நுழைய அடியில் விடும் பள்ளத்தை, ஆழமாக எடுத்துவிட்டார். வெளியே பள்ளம், டேங்குக்குள்ளே அது மேடு. பெட்ரோல் அந்த மேட்டுக்கு மேலே நிற்கும்வரை பிரச்சினை இல்லை. கீழே இறங்கியதும் அது இரண்டு டேங்க். பெட்ரோலைத் திறந்துவிடும் குழாயான காக் இருப்பதோ இடது பக்கம் மட்டும். இடது பக்கம் வற்றி வண்டி விக்கும்போது வலது பக்கத்தில் பெட்ரோல் தளும்பிக்கொண்டிருக்கும். ரிசர்வில் போட்டாலும் இடது பக்கத்து அடியில் மிச்சமிருப்பதுதான் வரும்.

அப்போது இறங்கி, வண்டியை இடது பக்கம் நன்றாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். உள்ளே 'களக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பெட்ரோல் மேட்டைத் தாண்டி வந்துவிட்டது என்று அர்த்தம். புல்லட்டின் எடையை நடுரோட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் அந்தச் சுகம் தெரியும். வளைவில் சாய்ந்து ஓட்டினால் தானாக வந்துவிடாதா என்று கேட்பார்கள். வராது. வளைவில் வண்டியோடு சேர்ந்து பெட்ரோலும் சாய்கிறது. டேங்குக்குள் அதற்கு அடித்தரை எப்போதும் அடித்தரைதான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் சேர்ந்து எனக்கு ஒரு டம்ளர் பெட்ரோலைக்கூட இந்தப் பக்கம் தள்ளிவிடவில்லை. வீட்டில் சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் ராத்திரியில் கொஞ்சம் இடது பக்கம் வந்து சேரும். சென்டர் ஸ்டாண்ட் போட்டால் அதுவும் இல்லை.

இரண்டு பக்கத்துக்கும் அடியில் நிப்பிள் (ஓஸ் மாட்டும் சின்னக் குழாய் முனை) வைத்து ஒரு ஓஸால் இணைத்திருந்தால் கதை முடிந்தது. வேலை நடக்கும்போதே கேட்டேன். "வேண்டாம் தம்பி, ஜாயின்ட் கூடக்கூட லீக்கும் கூடும். டேங்கைக் கழற்றும்போதெல்லாம் ஓஸைப் பிடுங்கணும், பெட்ரோல் சூடான இன்ஜின் மேல கொட்டும்" என்றார். தப்பான பேச்சு என்று சொல்ல முடியாது. அதனால்தான் கோபம் இன்னும் ஆறவில்லை.

போன மாதம் காக் வாஷர் மாற்ற டேங்கைக் கழற்றி, மூடி வழியாக டார்ச் அடித்தேன். இடது பக்கம் பளிச்சென்று இருக்கிறது. வலது பக்க அடியில் மஞ்சள் தூள் மாதிரித் துரு. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; ஈரம் அளவுக்கு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். இடது பக்கம் தினமும் ஓடிக் காலியாவதால் தப்பித்தது. வலது பக்கம் தேங்கிய குட்டை. பாஸ்பாரிக் அமிலம் ஊற்றிக் கழுவினேன்.

அதே கையோடு நிப்பிளையும் வைத்துக் கொடுங்கள் என்று டேங்கைத் தூக்கிக்கொண்டு போனேன். மாஸ்டர் தொடவே இல்லை. பெட்ரோல் கண்ட டேங்கில் நெருப்பு வைக்க மாட்டாராம். காற்றில் பெட்ரோல் ஆவி இரண்டு சதவீதம் இருந்தாலே வெடிக்கப் போதும், காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. பலமுறை கழுவி, வெல்ட் வைக்கும் இடம் மட்டும் மிஞ்சும்படி தண்ணீர் நிரப்பிச் செய்கிறவர்கள் உண்டு. அவர் மாட்டேன் என்கிறார். இதிலும் அவர் பக்கம்தான் நியாயம்!

ஆகவே நண்பா, செய்யாதே. கம்பெனி டேங்கே வாங்கிப் போடு. என்னுடையதை விலைக்குக் கேட்டாயே, அதுவும் கிடையாது. பிடிவாதமாகச் செய்வதென்றால் பெயிண்டுக்கு முன்னால் டேங்கை வண்டியில் வைத்து, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி ரிசர்வில் திறந்துவிடு. வெளியே வருவதை அளந்து பார். பத்தும் வராமல் பணத்தைக் கொடுக்காதே.