அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், கேடி: சான்றிதழைப் புதுப்பிப்பது யார்?

என் தளங்களை என்ஜின்எக்ஸிலிருந்து கேடி சர்வருக்கு மாற்றிவிட்டேன். அப்பாச்சியையும் சேர்த்து மூன்றுமே தளங்களை உலாவிகளுக்கு வழங்கும் திறந்த மூல சர்வர் மென்பொருள்கள். நிறுவுவது சில நிமிட வேலை. சாதாரணத் தளத்துக்கு மூன்றின் வேகமும் தாராளம்.

1995இல் வந்த அப்பாச்சியின் பலம் எச்டி-அக்சஸ் கோப்பு. முதன்மை அமைப்பைத் தொட உரிமை இல்லாதவரும் தம் கோப்புறைக்கு மட்டும் விதி எழுதிக்கொள்ளலாம். அந்தத் தேவை இருப்பவர் வேறெங்கும் போக வேண்டாம். 2004இல் வெளியான என்ஜின்எக்ஸ் ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் குறைந்த நினைவகத்திலேயே தாங்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது, எச்டிடிபிஎஸ் பாதுகாப்பு இணைப்புக்குத் தேவையான சான்றிதழின் பராமரிப்பு. சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் வழக்கமான இலவசச் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். 2029 மார்ச்சிலிருந்து எவர் வழங்கும் பொதுச் சான்றிதழும் 47 நாளைத் தாண்டக் கூடாது. காலாவதியை நினைவூட்டும் மின்னஞ்சல்களையும் லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது.

சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்கும் கருவியான செர்ட்பாட் புதியதை வாங்கி வட்டில் வைத்துவிடும். என்ஜின்எக்ஸோ, தொடங்கும்போது படித்த பழையதையே தந்துகொண்டிருக்கும். ரீலோட் செய்தால்தான், அதாவது கோப்புகளை மறுபடி படிக்கவைத்தால்தான், புதியது ஏறும். செர்ட்பாட்டின் என்ஜின்எக்ஸ் செருகுநிரல் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். தளத்தின் கோப்புறையில் சோதனைக் கோப்பை வைத்துச் சரிபார்க்கும் வெப்ரூட் முறையில் புதுப்பிப்பவர்தான், புதுப்பித்ததும் ரீலோட் செய்யும் கட்டளையை (டெப்ளாய் ஹுக்) எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் வட்டில் புதிய சான்றிதழ் இருக்கும், உலாவியில் எச்சரிக்கை வரும். காரணம் பிடிபடாமல் அலைக்கழிக்கும் கோளாறு இது.

கேடியில் இந்த இடைவெளியே கிடையாது. வாங்குவது, புதுப்பிப்பது, மாற்றுவது எல்லாம் சர்வருக்குள்ளேயே நடக்கிறது. அதன் அமைப்புக் கோப்பான கேடிஃபைலில் டொமைன் பெயரும், கோரிக்கைகளைப் பின்னால் இருக்கும் செயலிக்கு அனுப்பும் ஒரு ரிவர்ஸ் பிராக்ஸி வரியும் போதும். டொமைன் பெயரை சர்வரின் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் சரியாக இருந்து, 80, 443 போர்ட்கள் திறந்திருந்தால் எச்டிடிபிஎஸ் தானே வந்துவிடும். மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பொதிக்குள் இயக்கும் டாக்கரில் கேடியை ஓட்டுபவர்கள் மட்டும் அதன் டேட்டா கோப்புறையை, கன்டெய்னர் அழிந்தாலும் நிலைக்கும் வால்யூமில் வைக்க வேண்டும். இல்லையென்றால் கன்டெய்னரைப் புதிதாக உருவாக்கும்போதெல்லாம் சான்றிதழ் கேட்கும். ஒரே பெயர்களுக்கு 7 நாளில் 5 சான்றிதழ் என்ற லெட்ஸ் என்கிரிப்ட் வரம்பு விரைவில் தீர்ந்துவிடும்.

அப்பாச்சியின் எம்டி மாட்யூலும் சான்றிதழைத் தானே வாங்கும், ஆனால் புதியதை ஏற்க அதற்கும் ரீலோட் வேண்டும். சான்றிதழைத் தானே வாங்க என்ஜின்எக்ஸுக்கு 2025இல் வந்த ஆக்மி மாட்யூலை நான் பயன்படுத்தியதில்லை. பெரும் நெரிசலில் கேடியை ஓட்டிய அனுபவமும் எனக்கில்லை. என்ஜின்எக்ஸை நன்கு அறிந்த குழு அங்கே இருந்தால் மாற்றச் சொல்ல மாட்டேன்.

மாறுபவர்கள் முதலில் என்ஜின்எக்ஸை நிறுத்துங்கள். அதே போர்ட்களை இரண்டும் பிடிக்க முடியாது. புதுப்பிப்பைத் தானாக இயக்கும் செர்ட்பாட்டின் டைமரையும் மறக்காமல் முடக்கிவிடுங்கள்.