கேஜ் வீலும் டிரெய்லரும்: பெயிண்ட் அடித்து நான்கு சம்பாவுக்குப் பிறகு

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் களிமண்ணில் சேற்றுழவு ஓட்ட டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலுக்கும், நெல்லும் உரமும் ஏற்றும் டிரெய்லருக்கும் இதுவரை இருமுறை நானே பெயிண்ட் அடித்திருக்கிறேன். முதல்முறை அடித்தது ஓராண்டுகூடத் தாங்கவில்லை. இரண்டாவது இன்னும் பெரும்பாலும் நிற்கிறது. இரண்டு முறையும் வாங்கியது அதே ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு, அதே எனாமல் மேற்பூச்சுதான்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் கொட்டகையின் தகரம் பறந்துபோக, டிரெய்லர் வாரக்கணக்கில் மழையில் நின்றது. மார்கழியில் அவசரமாக, பனி ஈரம் முழுதும் காயாத இரும்பின்மேல், துருவை மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு அடித்தேன். அடுத்த குறுவைக்குள் பெயிண்ட் கொப்புளித்து, நகத்தால் நெம்பினாலே ஏடு ஏடாக வந்தது.

2021இல் சம்பா அறுவடை முடிந்து, மாசி வெயில் ஏறும்வரை காத்திருந்தேன். முதலில் கிரீஸையும் எண்ணெயையும் மண்ணெண்ணெயால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவினேன். இதைச் செய்யாமல் கம்பி பிரஷ் போட்டால் கிரீஸ் போகாது, இரும்பு முழுவதும் பரவும். டிரெய்லரின் அடித்தளத்தை மட்டும் மூன்று முறை நல்ல தண்ணீர் விட்டு அலசினேன், ஏனென்றால் நாம் போடும் பொட்டாஷ் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதன் மிச்சம் பெயிண்டுக்கு அடியில் தங்கினால் கடல் உப்பைப் போலவே இரும்பை அரிக்கும். நன்கு காய்ந்தபின் கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டிப் பொருக்குத் துருவை எடுத்து (கண்ணாடி போடாமல் இதைச் செய்யவே கூடாது), உப்புத்தாள் தேய்த்து, தின்னரால் துடைத்து, அன்று மாலைக்குள்ளேயே ரெட் ஆக்சைடு பூசினேன். வெல்டிங் இணைப்புகளுக்கும் மூலைகளுக்கும் சிறு பிரஷால் முதலில் ஒரு பூச்சு தனியாகக் கொடுத்தேன். துரு எப்போதும் அங்கேதான் தொடங்குகிறது. பிறகு எனாமலை மெல்லிதாக, இடையில் ஓரிரவு காயவிட்டு, இரண்டு பூச்சு அடித்தேன்.

நான்கு சம்பா கடந்தபின் பக்கப் பலகைகளும் சேசிஸும் நிறம் மங்கியதைத் தவிர நன்றாகவே இருக்கின்றன. கேஜ் வீலின் பட்டைகளில் மட்டும் முதல் உழவிலேயே சேறு பெயிண்டை உரித்துவிட்டது. மண்ணில் உரசும் பாகத்துக்குப் பெயிண்ட் வீண் செலவு என்பதால், இப்போதெல்லாம் உழவு முடிந்ததும் கழுவிக் காயவைத்துக் கிரீஸ் தடவுகிறேன். டிரெய்லரின் பின்கதவுக் கீல்களுக்கு அடியில் பிரஷ் எட்டாமல் விட்ட ஓரங்களில் துரு மீண்டும் தலைகாட்டியிருக்கிறது. வரும் மாசியில் கதவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை முடிக்க வேண்டும்.