கிகேடில் மறைந்திருக்கும் பவர் பின்கள்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

மின்சுற்றுகளையும் அவற்றுக்கான போர்டுகளையும் வரைய உதவும் கிகேட் மென்பொருளை அதன் நான்காம் பதிப்புக் காலத்திலிருந்து பயன்படுத்தி வருகிறேன். புதிதாக அதைக் கற்பவர்களுக்கு நான் முதலில் விளக்குவது மறைக்கப்பட்ட பவர் பின்களை, அதாவது சிப்புக்கு மின்சாரம் தரும், ஆனால் வரைபடத்தில் காட்டப்படாத கால்களைப் பற்றித்தான். ஒரு பின்னின் வகை ‘பவர் இன்புட்’ என்று இருந்து, அது சிம்பலில் (வரைபடத்தில் சிப்பைக் குறிக்கும் குறியீட்டில்) மறைக்கப்பட்டும் இருந்தால், கிகேட் அதன் பெயரையே குளோபல் லேபிளாக (எல்லாத் தாள்களுக்கும் பொதுவான இணைப்புப் பெயராக) எடுத்துக்கொண்டு, அதே பெயருள்ள மற்ற பின்கள் எந்தத் தாளில் இருந்தாலும் ஒயர் வரையாமலேயே இணைத்துவிடும். திரையில் எதுவும் தெரியாது. எந்தப் பின் எதனுடன் இணைகிறது என்ற பட்டியலான நெட்லிஸ்டில் மட்டும் இணைப்பு இருக்கும்.

போர்டு முழுவதற்கும் 5 வோல்ட் ஒன்றுதான் என்றிருந்த காலத்தில் இது வசதியாகவே இருந்தது. அவற்றை வெளிக்காட்டி ஒயர் போட்டால் ஸ்கீமேட்டிக் (சுற்று வரைபடம்) படிக்க முடியாமல் போகும் என்று பழைய கையேடே சொன்னது. ஆனால் டிடிஎல், மாஸ் (MOS) என்ற இரு சிப் வகைகளில், டிடிஎல் சிப்களில் ‘ஜிஎன்டி’ என்றும் மாஸ் சிப்களில் ‘விஎஸ்எஸ்’ என்றும் தரைக்கு (கிரவுண்ட்) பெயர் இருப்பதால், அவ்விரண்டையும் வரைபவரே இணைக்க வேண்டும் என்பதையும் அதே கையேடு சேர்த்துச் சொன்னது. சிக்கல் முளைப்பது அந்த இடத்தில்தான்.

திருத்தித் தரும்படி எங்களிடம் வந்த ஒரு பழைய வடிவமைப்பு இதற்கு நல்ல சான்று. 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் அதிர்வை சிடி4060 சிப் வகுத்து 2 ஹெர்ட்ஸ் ஆக்க, சிடி4013 அதை ஒரு வினாடித் துடிப்பாக்கி 74எச்சி14-க்குத் தரும் எளிய சுற்று அது. சிடி வகைச் சிப்களின் மின்வழங்கல் பின்னான ‘விடிடி’ 5 வோல்ட்டுடன் இணைக்கப்பட்டிருந்தது. ‘விஎஸ்எஸ்’ எதனுடனும் இணைக்கப்படவில்லை. சிடி4060-இன் 8ஆம் பின்னையும் சிடி4013-இன் 7ஆம் பின்னையும் ஒரே ஒரு டிராக் சேர்த்திருக்க, அவற்றைச் சுற்றி ஜிஎன்டி செம்புப் பரப்பு இடைவெளி விட்டு ஒதுங்கிச் சென்றிருந்தது. நெட்லிஸ்ட் கேட்டதெல்லாம் இணைக்கப்பட்டுவிட்டதால் போர்டைச் சரிபார்க்கும் டிஆர்சி குறை சொல்லவில்லை. ஸ்கீமேட்டிக்கைச் சரிபார்க்கும் ஈஆர்சி சொல்லியிருக்கும், ஆனால் அந்த நெட்டில் (இணைப்பில்) யாரோ ‘இங்கே மின்சாரம் வருகிறது’ என்று காட்டும் பவர் ஃபிளாக் ஒன்றை வைத்து அதன் வாயை அடைத்திருந்தார்கள். இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. சிடி4060-இன் ரீசெட் பின் ஜிஎன்டியில் கட்டப்பட்டிருப்பதால், அதன் உள்ளீட்டுப் பாதுகாப்பு டையோடு வழியாகவே சிப் தரையைப் பிடித்துக்கொண்டு அரைகுறையாக இயங்கக்கூடும். பிழை சோதனை மேசையையும் தாண்டிப் போய்விடும்.

2018-இல் வந்த ஐந்தாம் பதிப்பு நூலகத்தில் லாஜிக் சிப்களின் பவர் பின்கள் கண்ணுக்குத் தெரியும் தனி யூனிட்டாக (சிம்பலின் தனிப் பகுதியாக) ஆக்கப்பட்டன. நான்கு கேட் கொண்ட 74எச்சி00-க்கு ஐந்தாவதாக ஒரு யூனிட் உண்டு. அதை மறக்காமல் வைக்க வேண்டியிருப்பது கூடுதல் வேலைதான்; ஆயினும் 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் கலந்திருக்கும் இன்றைய போர்டுகளில் எந்தச் சிப்புக்கு எந்த மின்னழுத்தம் என்பதை வரைபடத்திலேயே பார்க்க முடிவது எனக்குப் பெரிய நிம்மதி. எல்லாப் பவர் யூனிட்டுகளையும் கடைசித் தாளில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்குரிய 100 நானோஃபாரட் கெபாசிட்டரை வரைகிறேன். விடுபட்டது இருந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும்.

எல்லா மறைப்பும் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். பல ஜிஎன்டி பின்கள் கொண்ட மைக்ரோகண்ட்ரோலரில் ஒன்றை மட்டும் காட்டி, மற்றவற்றைப் ‘பேசிவ்’ (பவர் இன்புட் அல்லாத) வகையாக்கி அதே இடத்தில் அடுக்கி மறைப்பது நூலக விதிகளே ஏற்கும் முறை. அங்கே இணைப்பு பெயரால் அமைவதில்லை. ஒரே புள்ளியில் இருப்பதால் அமைகிறது.

பழைய திட்டங்களைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிம்பலைப் புதிய நூலகத்திலிருந்து புதுப்பித்ததும் மறைந்த பின்கள் போய்விடும். பவர் யூனிட்டோ இன்னும் தாளில் வைக்கப்பட்டிருக்காது. அந்த நிலையில் போர்டைப் புதுப்பித்தால் அந்தப் பேட்கள் (சிப்பின் கால்களைச் சால்டர் செய்யும் செம்புப் புள்ளிகள்) நெட் இல்லாமல் நிற்கும். ஆகவே முதலில் மறைந்த பின்களைக் காட்டும் பொத்தானை அழுத்தி, ‘விசிசி’, ‘விடிடி’, ‘விஎஸ்எஸ்’ ஆகிய நெட்டுகளில் எவையெவை உள்ளன என்று குறித்துக்கொண்டு, சிம்பல்களை மாற்றி, யூனிட்டுகளை வைத்து, பழைய பவர் ஃபிளாகுகளை நீக்கிவிட்டு ஈஆர்சியை ஓட்டுகிறேன். அதன் பிறகே போர்டு கோப்பைத் தொடுகிறேன்.